பெரியதா சின்னதா

மார்ச் 2, ஞாயிறு

பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் களிமண் பிசைந்து வைத்ததில் நகக்கண் எல்லாம் மண். தேய்த்தும் போகவில்லை.

சித்திரை வருடப் பிறப்புக்கு இவர் வருகிறார். டோஹாவில் லீவு சரிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போனில் பிள்ளைகள் இரண்டு பேரையும் முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு கேம் மெஷின் கொண்டு வரப் போறன். எது வேணுமெண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

சதீசனுக்கு டீவியில் பொருத்தி விளையாடுகிற பெரிய பிளேஸ்டேஷன் வேண்டும். கம்சாயினிக்குக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயும் இருந்து விளையாடுகிற நின்டெண்டோ. அவனுக்குப் பதினைந்து, இவளுக்கு ஒன்பது. எங்கே ஒத்துப்போவது? "அம்மா சொல்லட்டும்" என்று இரண்டு பேரும் என் தலையில் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 5, புதன்

சதீசன் இன்று எனக்கு வகுப்பு எடுத்தான். போனில் ஒவ்வொரு வீடியோவாகப் போட்டு, நிறுத்தி நிறுத்தி விளக்கினான். இவ்வளவு பொறுமையாக அவன் என்னோடு கதைத்து எத்தனை காலம்.

"பள்ளிக்கூட நாளில தொட மாட்டன் அம்மா. சனி, ஞாயிறு மட்டுந்தான்."

"அதென்ன காதில மாட்டியிருக்கிறான் அந்தப் பொடியன்?"

"ஹெட்செட். வேற ஊரில இரிக்கிற ஆளோடயும் கதைச்சுக் கதைச்சு விளையாடலாம்."

அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகம் ஒரு மாதிரி மாறியது. நான் என்ன ஏதென்று கேட்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று எழும்பி அரிசி களையப் போனேன்.

மார்ச் 7, வெள்ளி

இவரிடம் சின்னதையே எடுக்கச் சொல்லிவிட்டேன். கரண்ட் போனாலும் விளையாடலாம். டீவியைப் பிடித்துக்கொண்டு இருக்காது. தங்கச்சியும் சேர்ந்து விளையாடலாம். எல்லாம் நியாயமான காரணங்கள்தானே.

அவர் உடனே சம்மதிக்கவில்லை. "பொடியன் பெரியதைத்தான் கேட்டவன், சுலோ. என்னட்டத் தனியாவும் சொன்னவன். அவன் கேட்டதையே எடுப்பமே."

"இஞ்ச ரெண்டு பேரோடயும் மாரடிக்கிறது நானா நீங்களா?"

"சரி, உன்ட விருப்பம்" என்றார்.

தூரத்தில் இருக்கிற மனிசனிடம் நான் சொல்லக்கூடிய சொல்லா அது.

மார்ச் 8, சனி

காலையில் இடியப்பத்துக்கு முன்னால் சதீசன் கேட்டான்: "என்ன முடிவு அம்மா?"

"அப்பா சின்னதுதான் எடுப்பாராம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தான் சொன்னேன் என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பான். அவ்வளவுதான். வாயைத் திறந்தேன், அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது.

"அப்பாவா சொன்னவர்?"

"ஓம்."

இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

மார்ச் 14, வெள்ளி

போன் வந்தது. கம்சாயினி கதைத்தாள். அண்ணனைக் கூப்பிட்டால், "குளிக்கிறன் எண்டு சொல்லுங்க" என்கிறான் — கட்டிலில் படுத்துக்கொண்டு.

சொன்னேன்.

மார்ச் 21, வெள்ளி

இன்றும் குளிக்கிறான் என்றேன். அவர் சிரித்தார். "நான் எடுக்கிற நேரமெல்லாம் குளிக்கிறான் போல. கிணறு வத்திரப் போகுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போனை வைக்க மனமில்லாமல் வேலைத்தளத்துப் புழுதியைப் பற்றி, அறையில் இருக்கும் நேபாளக்காரன் சமைத்த பருப்பைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். சதீசன் வந்துவிடுவான் என்று பார்த்திருந்தாராக்கும்.

மார்ச் 28, வெள்ளி

இன்று இவர் அவனைக் கேட்கவேயில்லை.

ஏப்ரல் 2, புதன்

வருடப் பிறப்புக்கு உடுப்புத் துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போனேன். கடை வாசலில் இர்ஷானாவைக் கண்டேன். அவருடைய மகன் அப்ஹாமும் சதீசனும் டவுன் டியூஷனில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். போன வருடக் கடைசியில் தங்கள் கடையைக் குருநாகலுக்கு மாற்றிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார்கள். பெருநாளுக்கு வந்து நிற்கிறார்கள்.

கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட மகனுக்கும் பிளேஸ்டேஷன் வருதாமே புள்ள. எங்கட அப்ஹாம் அதத்தான் நாளை எண்ணிக்கிட்டு ஈக்கான்."

"அப்ஹாமா? ஏன்?"

"அங்க அவனுக்குக் கூட்டாளி எண்டு ஒருத்தனும் இல்ல. பள்ளிக்கூடத்தால வந்தா வாயத் துறக்க மாட்டான். சதீசன் இதுல வந்தா ரெண்டு பேரும் முந்தி மாதிரிக் கதைச்சி விளையாடலாம் எண்டு சொல்லிச் சொல்லி ஈக்கான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன். இன்னொரு பொய். சின்னதுதான் வருகிறது என்று சதீசன் இன்னும் அவனுக்குச் சொல்லவில்லை போல.

வேற ஊரில் இருக்கிற ஆள் — அவன் சொன்னது இதைத்தான். அப்பாவிடம் தனியாகச் சொன்னதும் இதுதானாக இருக்கும். அவர் கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் விளங்கியது. அதையும் எழுதிவிட வேண்டும். காரணம் கரண்டும் இல்லை, தங்கச்சியும் இல்லை. பின்னேரத்தில் நானும் அவனும் டீவியில் பாட்டுப் போட்டி பார்ப்போம். யார் தோற்பார் என்று சண்டை பிடிப்போம். நாள் முழுக்க அவன் என்னோடு கதைப்பது அந்த நேரத்தில்தான். காதில் அதை மாட்டிக்கொண்டு அவன் வேறு யாரோடோ சிரிப்பதை நான் குசினியில் சமைத்துக்கொண்டு கேட்க வேண்டி வரும் என்று நினைத்தேன். அதனால்தான். வேறு ஒன்றும் இல்லை.

பத்து வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு 'பகிர்ந்து விளையாடுங்கோ' என்று சொல்லிக் கொடுக்கிற ஆள் நான்.

ஏப்ரல் 4, வெள்ளி

பெரியதையே எடுங்கள் என்று சொல்லத்தான் போனை எடுத்தேன். நான் வாய் திறக்க முன்பே அவர் கமராவைத் திருப்பி ஒரு பெட்டியைக் காட்டினார். சின்னது. "நேற்று எடுத்திட்டன். பொடியன் சந்தோசப்படுவானா?"

"படுவான்" என்றேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். முன்தலையில் முடி நன்றாகக் குறைந்துவிட்டது, வீடியோவில் தெரியவில்லை.

சதீசன் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தான். அப்பாவை விட உயரமாகிவிட்டான். அவர் அவனைக் கட்டிப் பிடித்தபோது கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

மெஷினைப் பிரித்ததும் கம்சாயினி துள்ளினாள். இவர் அவனைப் பார்த்து, "வா மகன், அப்பாக்கும் பழக்கு. ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாமாம்" என்றார்.

"தங்கச்சியோட விளையாடுங்க. எனக்குப் படிக்க இரிக்கு."

குரலில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல் மரியாதையாகச் சொன்னான். கோபித்திருந்தால் பரவாயில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, கோயிலுக்குப் போய் வந்தோம். இவர் கைவிசேஷக் காசு கொடுத்தார். கம்சாயினி வாங்கிக்கொண்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சதீசன் காலில் விழுந்து எழும்பி, இரண்டு கையாலும் வாங்கி, "நன்றி அப்பா" என்றான்.

அப்பாவுக்கு யாரும் நன்றி சொல்வார்களா?

ஏப்ரல் 17, வியாழன்

பாலர் பாடசாலையில் பெற்றார் கூட்டத்துக்கு ஆயத்தம் செய்துவிட்டு வர, விறாந்தையில் இவர் தனியே இருந்து அந்த மெஷினோடு மல்லுக்கட்டுகிறார். கட்டட வேலையில் கம்பி வளைத்துக் காய்ப்பேறிய பெருவிரல். அந்தச் சின்னப் பொத்தானில் ஒன்றை அமுக்கினால் இரண்டு அமுங்கும். கார் ஓடிப் போய் மதிலில் முட்டிக்கொண்டே இருந்தது.

"என்ன செய்யிறீங்க?"

"பழகுறன். கொஞ்சம் பழகிற்றன் எண்டா அவன் ஒரு ஆட்டத்துக்கெண்டாலும் வருவான்."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். இவரிடம்.

பின்னேரம் கல்லடிக் கடற்கரைக்குப் போனோம். சதீசன் வரவில்லை. கம்சாயினி அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். இவர் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆறு வருசம் வீட்டில இல்லாத ஒருவனை அப்பா எண்டு நினைக்க அவனுக்கு ஏலாம இரிக்கும். அவனில பிழையில்ல. நான் இன்னும் முந்தி வந்திருக்க வேணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான்தான் அவனிடம் உங்கள் பெயரைச் சொன்னேன், உங்களோடு சண்டை பிடித்துச் சின்னதை எடுக்க வைத்துவிட்டு நீங்கள் சொன்னதாகச் சொன்னேன், அவன் குளிக்கவேயில்லை — எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வள்ளம் ஒன்றைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது முழுதாக ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ஹாம்ட கதை அவன் எனக்குச் சொன்னவன்" என்றார் கடைசியில். "நான் உன்னட்ட அதைச் சொல்லியிருக்கலாம். நீயே கேட்டறிவாய் எண்டு விட்டிற்றன்."

"கொழும்பில குடுத்து மாத்துவமா?"

"பெட்டியை மாத்தினா இது மாறுமா, சுலோ?"

"அப்ப இன்டைக்கே நான் அவனிட்டச் சொல்லுறன்."

"வேணாம்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "என்னில கோவம் எண்டா பரவாயில்ல. நான் போயிருவன். உன்னில கோவம் எண்டா நீ நாளும் பொழுதும் அவனோட இரிக்கணும். அவனுக்கும் வீட்டில கதைக்க ஆளில்லாமப் போயிரும். சொல்லாத."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 21, திங்கள்

சொல்லவில்லை. அவர் வேண்டாம் என்றதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால் அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

மே 1, வியாழன்

மழை. இவரும் கம்சாயினியும் கார் ஓட்டுகிறார்கள். இப்போது மதிலில் முட்டுவதில்லை. சதீசன் தண்ணீர் குடிக்க வந்தவன் ஒரு கணம் நின்று திரையைப் பார்த்தான். இவர் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அவன் போய்விட்டான். தள்ளி உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார்.

மே 7, புதன்

பின்னேரம் இவரை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போக வான் வந்தது. கம்சாயினி அழுதாள். சதீசன் பெட்டியை ஏற்றிவிட்டு, "போயிற்று வாங்க அப்பா" என்றான். வானின் டயரைப் பார்த்துக்கொண்டு. இவர் அவன் தோளில் கை வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

என்னிடம், "கவனமா இரி" என்றார். அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

'வந்து சேர்ந்திட்டன்' என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி. கீழே, 'மகன் சாப்பிட்டானா?'

மே 10, சனி

சதீசன் முற்றத்தில் சைக்கிள் செயின் போட்டுக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்தது எல்லாம் மறந்துவிட்டது.

"சின்னதை எடுக்கச் சொன்னது அப்பா இல்ல. நான். அவர் உனக்கு நீ கேட்டதைத்தான் எடுக்க நின்டவர். நான்தான் விடல்ல. உன்னட்டப் பொய் சொன்னன்."

அவன் செயினை விட்டுவிட்டு நிமிர்ந்தான். கையெல்லாம் கிறீஸ்.

"ஏன்?"

"நீ அந்த ஹெட்செட்டைப் போட்டிட்டு இருந்தா என்னோட கதைக்க மாட்டாய் எண்டு."

எவ்வளவு சின்னக் காரணம். சொல்லும்போது எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது.

"அப்ஹாம்ட கதையை என்னட்டச் சொல்லியிருந்தா—"

"நீங்க கேக்கல்ல" என்றான். சத்தம் போடவில்லை. "அப்பாக்குத் தெரியுமா, நீங்க அவர்ட பேரைச் சொன்னது?"

"வந்து நிக்கக்குள்ள சொன்னன்."

"அப்ப ஏன் அவர் என்னட்ட ஒண்டும் சொல்லாமப் போனவர்?"

அவர் கடற்கரையில் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவன் முகத்தைத் தோளில் துடைத்தான். கன்னத்தில் கிறீஸ் பட்டது. "நான் அவரோட ஒரு கேமும் விளையாடல்ல அம்மா" என்றான். அதற்குப் பிறகு என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை. செயினைப் போட்டு முடித்து, பாலத்துப் பக்கம் போய்விட்டான்.

மே 12, திங்கள்

கதைக்கவில்லை. ஏதாவது தேவையென்றால் தங்கச்சியிடம் சொல்லி அனுப்புகிறான். பாட்டுப் போட்டி நேரத்தில் நான் டீவியைப் போடவில்லை.

மே 14, புதன்

வெசாக் லீவு முடிந்தது. பாலர் பாடசாலையில் இரண்டு பொடியன்கள் ஒரு பந்துக்குச் சண்டை. யார் முதலில் எடுத்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மே 16, வெள்ளி

போன் அடித்தபோது நான் கறிக்குத் தேங்காய்ப்பால் விட்டுக்கொண்டிருந்தேன். எடுக்கப் போக முன்பே சதீசன் வந்து எடுத்தான். "அப்பா" என்றான். பிறகு வெளியே போனான்.

வேலியைத் தாண்டி வாவிக் கரைப் பக்கம் போய் நின்றான். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. முதலில் அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு நடந்து நடந்து கதைத்தான். ஓரிடத்தில் சிரித்தான், இங்கே வரைக்கும் கேட்டது. கம்சாயினி மெஷினைத் தூக்கிக்கொண்டு தானும் கதைக்க ஓடினாள். அவளைத் துரத்தவில்லை.

இருட்டிய பிறகுதான் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் போனை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போனான். எடுத்துப் பார்த்தேன். கனநேரம் காதில் வைத்திருந்ததில் சூடாக இருந்தது.

கறியை இறக்கி வைத்தேன். கம்சாயினியைக் கூப்பிட்டு, அண்ணனுக்குச் சோறு போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். மீன் பொரியலில் பெரிய துண்டை அவளே எடுத்து வைத்தாள்.