பினாங்கில் தெரியாத எழுத்து

8.11.98, ஞாயிறு

கடைக்கு விடுமுறை. ஆனாலும் உள்ளே நான், வஞ்சுளவல்லி, அவள் அப்பா ஜகந்நாதன். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டு, லைன் அறுந்து, மறுபடி போட்டு, ஒருவழியாக அவள் எழுத்துகள் இன்டர்நெட்டில் ஏறிவிட்டன. அல்ஹம்துலில்லாஹ்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து என் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பெண். சத்தமில்லாமல் சொந்தமாக ஒரு தமிழ் ஃபாண்ட் வரைந்திருக்கிறாள். அவள் போட்ட 'ழ'வைப் பார்த்தால் நாக்கு தானாக மடங்கும். பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிறவர்கள் புது எழுத்து தேடுகிறார்கள். மாதக் கடைசிக்குள் முடிவு. வரைந்தவர் பேரைப் புத்தகத்திலேயே அச்சிடுவார்களாம். மெட்ராஸ் கம்பெனி ஒன்றும் இந்த எழுத்தைக் கேட்கிறது. அங்கே பேர் கிடையாது.

"பினாங்கு அமையலைன்னா மெட்ராஸுக்குக் கையெழுத்துப் போட்டுருவோம் பாய். பொறவு அவியளும் வேண்டாம்னுட்டா என்ன செய்ய?" என்றார் ஜகந்நாதன்.

"எம் பேரு வரணும் அண்ணே. அம்புட்டுத்தான்" என்றாள் அவள்.

பினாங்குக்காரர்கள் பார்ப்பதற்கான இன்டர்நெட் பக்கத்தை அவளே டைப் செய்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளுக்கும் மேலே, "ஸ்ரீ:" என்று போட்டிருக்கிறாள். அதில் நான் கை வைக்கவில்லை. பில் புத்தகத்தில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 போடாமல் நான் ஒரு பில் எழுதியதுண்டா?

11.11.98

பினாங்கிலிருந்து பதில் இல்லை.

15.11.98

பதில் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். "உங்கள் பக்கத்தில் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை. சரிசெய்து தெரிவிக்கவும்."

என் கம்ப்யூட்டரில் முத்து முத்தாகத் தெரிகிறதே!

யோசித்தபின் புரிந்தது. இன்டர்நெட் பார்க்கிற சாஃப்ட்வேருக்காக அமெரிக்காவில் இரண்டு பெரிய கம்பெனிகள் மல்லுக்கட்டுகின்றன. பக்கத்தோடு ஃபாண்டையும் சேர்த்து அனுப்ப ஆளுக்கொரு முறை. ஒருவன் முறை மற்றவனுக்கு ஆகாது. அதனால்தான் இரண்டு முறையிலும் செய்து ஏற்றினேன். ஆனால் பார்த்தது என்னிடம் இருந்த ஒன்றில் மட்டும். பினாங்கில் இருப்பது மற்றது. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு வந்த சி.டி.யிலிருந்து அதையும் போட்டுப் பார்த்தேன். வஞ்சுளவல்லி என்ற பேர் இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு குறி, தலையில் தொப்பி வைத்த இங்கிலீஷ் எழுத்துகள்.

"என்னண்ணே, உங்க தொப்பிய எல்லாத்துக்கும் மாட்டிவிட்டுட்டீங்களா?" என்று சிரித்தாள். பாவம், சரியாகிவிடும் என்று நம்புகிறாள்.

17.11.98

ஃபாண்டை மறுபடி செய்தேன். ஆகவில்லை.

22.11.98

ஆகவில்லை. அந்த இரண்டு கம்பெனியும் நாசமாய்ப் போக. அவர்கள் சண்டையை அவர்கள் ஊரில் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஒரு பெண் தன் பேரைத் தேடுகிற இடத்திலா வந்து விழ வேண்டும்?

என் வீட்டுக்காரி மெகராஜ் சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டாள். "எம்புட்டு நேரம் அந்தப் பெட்டியவே முறைச்சிக்கிட்டு இருப்பீய? அது என்ன உங்க மச்சானா?" சிரிக்க வரவில்லை. கத்திவிட்டேன். அவள் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனாள். ஏன் அவளிடம் கத்தினேன்?

27.11.98, வெள்ளி

ஜும்மாத் தொழுகையில், சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும்போதும் பினாங்குதான் மனசில். அங்கிருந்து தகவல் வந்திருக்கிறது. வேறொருவர் எழுத்து அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம், திங்கள் வரை காத்திருப்பார்களாம். வஞ்சுளவல்லி இன்று சிரிக்கவில்லை. கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை அடித்து முடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

30.11.98

பினாங்கில் வேறு எழுத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2.12.98

ஜகந்நாதன் மெட்ராஸ் பத்திரத்தில் மகளைக் கையெழுத்துப் போட வைத்து அனுப்பிவிட்டார். எழுத்துக்கு இனிமேல் அவர்கள் வைக்கிறதுதான் பேர். வரைந்தது யார் என்று எங்கேயும் சொல்லக்கூடாது. அங்கேயே வேலையும் போட்டுக் கொடுக்கிறார்களாம். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. நான் என்ன கிழித்துவிட்டேன்?

4.12.98

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்தபின்னும் மனசு கேட்காமல், புதிதாக ஒரு பக்கத்தில் "அம்மா" என்று ஒரே வார்த்தை போட்டுப் பார்த்தேன். இரண்டு சாஃப்ட்வேரிலும் தெரிந்தது! பழைய பக்கத்தின் வரிகளை ஒவ்வொன்றாக அதில் கொண்டுவந்தேன். எல்லாமே தெரிந்தன. மிச்சம் இருந்தது ஒரே வரி. உச்சியில் இருந்த "ஸ்ரீ:".

பினாங்கில் இருக்கிற சாஃப்ட்வேர் கண்டிப்பானது. கட்டளைகளுக்கு முன்னால் ஓர் எழுத்து வந்தாலும் பக்கம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு வருகிற "இந்த ஃபாண்டைக் கொண்டுவா" என்பதைக் காதில் வாங்குவதில்லை. கம்பெனிகளைத் திட்டியதெல்லாம் வீண்.

இத்தனை நாளும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதை எதையோ அழித்தேன். அதை மட்டும் தொடவில்லை. அடுத்தவர் சாமி பேர், பாய் கை வைத்தான் என்று ஆகிவிடக் கூடாதே —

வஞ்சுளவல்லியிடம் சொன்னேன். திரையில் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "நான் பழக்கத்துல போட்டது. அழிச்சிருக்கலாமே அண்ணே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். யா அல்லாஹ், கேட்டிருக்கலாம்.

6.12.98

பத்திரப்படி பக்கத்தை இன்டர்நெட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுப்பதற்கு முன் அந்த வரியை அழித்து, ஒருமுறை திறந்து இருவரும் பார்த்தோம். இரண்டிலும் அவள் பேர் அழகாக நின்றது. "எடுத்துருங்க" என்றாள். எடுத்தேன்.

14.8.99

ஆடிப்பூரத் தேருக்கு மெட்ராஸிலிருந்து வந்த வஞ்சுளவல்லி கடைக்கும் வந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது. மெகராஜ் டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த நேரம் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸ் கம்பெனி சி.டி.யிலிருந்து அவள் எழுத்தை எடுத்து நான் அடித்த அட்டை ஒன்றை உருவி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது போதும். கண்ணாடி இல்லாமலே வாசிக்க வருது. இந்த எழுத்து யாரு போட்டது பாய்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மெட்ராஸ்ல ஒரு கம்பெனிங்கய்யா" என்றாள்.