பொஸ்ரனில் இருந்த சாட்சி

ரண்டர்ஸ், டென்மார்க்
12.11.1986

அண்ணைக்கு,

தம்பி அமலதாஸை ஆமிக்காரர் எங்கள் வீட்டில் வைத்துப் பிடித்துப்போன நாளைப் பற்றி நீங்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, என் அகதி வழக்குக்கு உதவும் என்று நம்பினேன். அமெரிக்காவில் பெயரெடுத்த கவிஞரின் எழுத்து அல்லவா? பெருமையோடு வழக்கறிஞரிடம் கொடுத்தேன்.

அந்த அம்மா வாசித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: "இதிலை தம்பியை விடாமல் பிடிச்சு அடி வாங்கினது உங்கடை அண்ணை. நீங்கள் அந்த வீட்டிலேயே இல்லையே?"

ஆமிக்காரர் துவக்குப் பிடியால் அடித்து உடைத்தது என் தோள் எலும்பை. அந்த இடத்தில் உங்களை நிறுத்தியிருக்கிறீர்கள்.

"அவர் பொய் எழுதியிருக்கிறார். அண்டைக்கு அவர் அமெரிக்காவிலை, பொஸ்ரனிலை" என்றேன். அதே நாளில் நீங்கள் அங்கே கவிதைக்குப் பரிசு வாங்கிய படம் திகதியோடு வந்த பத்திரிகைத் துண்டு என்னிடம் இருந்தது, நீங்கள் அனுப்பியதுதான். ஊரைவிட்டு ஓடும்போதும் அதைக் கொண்டுவந்திருந்தேன். அதையே சாட்சியாகக் கொடுத்தேன். நேற்று எனக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்தது. உங்களைப் பொய்யர் என்று காட்டித்தான் கிடைத்தது.

ரெலிபோனில் இதைச் சொன்னபோது சிரித்தீர்கள். "இலக்கியத்திலை 'நான்' எண்டால் நான் இல்லை, தங்கச்சி" என்றீர்கள்.

இப்போது அந்தக் கட்டுரையைப் புத்தகமாக்கப் போகிறீர்களாம். தம்பி கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வாசல் படலையடியில் திரும்பி என் முகத்தைப் பார்த்து அவன் சொன்னது ஒரேயொரு வசனம். அது உங்களுக்குக் கிடைக்காது.

இப்படிக்கு,
அந்த வீட்டில் இருந்த தங்கை