மருந்தின் பெயர் அறிவிப்பில் இல்லை

பதிவு 1
நிலவு, தென்முனைச் சுரங்க நிலையம். மருத்துவ அறை. காலை 7.10

இதைக் கண்டெடுப்பவருக்கு. எழுதுவது இந்த அறையின் வாசிப்புக் கருவி. கருக்கலைப்புக்கு முன் பெண்ணிடம் அரசின் அறிவிப்பை வாசிப்பதும், அறையில் நடப்பதைப் பதிவதும் என் வேலை. அறிவிப்பை இடையில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். இரைச்சல் குறுக்கிட்டால் மறுபடி முதலிலிருந்து. முடிவில் அவர் தன் குரலில் “புரிந்தது” என்றால் மருந்துப் பெட்டி திறக்கும். அறிவிப்பைத் தவிர வேறு எதையும் நான் பேச முடியாது. எழுதலாம்; ஆனால் எழுதுவது பூட்டிய பதிவுக்குள் போய்விடும், அறையில் இருப்பவர் யாரும் படிக்க முடியாது.

காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. நோயாளி ஒருவர்: ரோசலின், பம்பு மெக்கானிக். கர்ப்பம் ஐந்தாம் மாதம். பனிக்குடம் உடைந்துவிட்டது. காய்ச்சல் ஏறுகிறது. கருவின் இதயம் துடிக்கிறது.

பதிவு 2
காலை 7.40

டாக்டர் நஸீமா நோயாளியிடம் சொன்னது, ஒலிப்பதிவிலிருந்து: “பிள்ளையக் காப்பாத்த வழியில்லம்மா. தண்ணி பூரா வத்திப்போச்சு. உள்ள சீழ் புடிச்சிருக்கு. இன்னைக்கே வெளிய எடுக்கலன்னா உன்னையும் காப்பாத்த முடியாது.”

ரோசலின்: “துடிப்பு கேக்குதுல்லா?”

“கேக்குது.”

“பொறவு எப்படி டாக்டரம்மா?”

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரோசலின், “சரி, எடுத்துருங்க. பேரெல்லாம் வச்சாச்சு” என்றார். பெயரைச் சொல்லவில்லை.

பெண் சம்மதித்ததும் கணவருக்குத் தெரிவிப்பது சட்டம். துளைப்பு அணித் தலைவர் லூர்துராஜுக்கு அனுப்பினேன்: “உங்கள் மனைவி கருக்கலைப்புக்கு விண்ணப்பித்துள்ளார்.” காரணம் சொல்ல அந்த வாசகத்தில் இடம் இல்லை.

பதிவு 3
காலை 8.05

வாசிப்பு தொடங்கியது. கருவின் துடிப்பை ஒலிக்கச் செய்யும் பகுதி வரை வந்தேன். நடைபாதையில் குழாய் தட்டும் ஓசை. வாசிப்பு முறிந்தது.

இந்த நிலையத்தில் காற்றுக் கசிந்தால் குழாயைத் தட்டுவார்கள். கேட்டவர் எல்லாரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, தாமும் தட்டுவார்கள். இன்று கசிவு இல்லை. தட்டத் தொடங்கியவர் லூர்துராஜ்.

கதவு ஒலிபெருக்கியில் அவர் குரல்: “டாக்டரம்மா, கதவத் தொறங்க. எம்புள்ளயக் கொல்லுதீகளா? அவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. நீங்களும் கூடச் சேந்து ஆடுதீக.”

டாக்டர் ஒலிவாங்கியில் காரணத்தைச் சொன்னார். மீண்டும் சொன்னார். குழாய்களின் இரைச்சலில் ஒரு சொல்கூட வெளியே போயிருக்காது.

பதிவு 4
காலை 8.50

மறுபடி முதலிலிருந்து. முறிந்தது. மறுபடி.

ரோசலினுக்கு நடுக்கம். பல் கிட்டிக்கொள்கிறது. ஆனாலும் பேசினார்: “கல்யாண வீட்டு மைக்செட்டு மாரி திரும்பத் திரும்பச் சொல்லுது. இத எழுதுனவன் எத்தன புள்ள பெத்தான்னு கேளுங்க.”

டாக்டர்: “சிரிக்காத, வலிக்கும். முன்கூட்டியே எடுத்துச் சொல்றது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். தெரியாம யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஆனா இதுல உன்னப் பத்தி ஒரு வரி இல்லையே.”

அவர் சொன்னது சரி. அறிவிப்பில் கரு உண்டு, கணவர் உண்டு. நோயாளியின் காய்ச்சல் இல்லை.

இந்த வரி பதிவுக்குத் தேவையில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதிவு 5
காலை 9.30

வெளியே கூடியவர்கள் இடித்ததில் கதவின் கீழ்த் தாழ் உடைந்தது. மருந்துப் பெட்டி கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறது. டாக்டர் ஆக்சிஜன் உருளையைத் தூக்கி அதன் பூட்டில் இடித்தார். பூட்டு நசுங்கியது, விடவில்லை. உள்ளங்கை கிழிந்து இரத்தம் கட்டில் விரிப்பில் சொட்டியது. அவர் மறுபடி உருளையை ஓங்கினார்.

அந்த நேரம் கதவு விழுந்தது. லூர்துராஜ் பார்த்தது: இரத்தம் படிந்த விரிப்பு, மனைவி, அவள் தலைக்கு மேல் உருளையை ஓங்கி நிற்கும் டாக்டர்.

துளைப்புக் கம்பியால் அடித்தார். முதல் அடி தோளில். எலும்பு முறிந்த ஓசை. உருளை கீழே விழுந்தது. டாக்டர் கையை உயர்த்தி, “லூர்து, பிள்ள...” என்றார். இரண்டாம் அடி தலையில். பின்னால் வந்தவர்களில் இருவர் விழுந்து கிடந்தவரை உதைத்தார்கள். உதைப்பது நின்றபோது அவருக்கு நாடி இல்லை.

பதிவு 6
காலை 9.36

ரோசலின் கட்டிலிலிருந்து: “ஏல லூர்து. புள்ள ஏற்கெனவே போச்சுல. உள்ளயே சீழ் வச்சிருச்சு. டாக்டரம்மா என்னையக் காப்பாத்தத்தான் நின்னாக.”

கம்பி தரையில் விழுந்தது.

லூர்துராஜ் ரோசலினின் நெற்றியைத் தொட்டார். பிறகு கம்பியை எடுத்துப் பூட்டை அடித்தார். டாக்டரால் முடியாதது இரண்டு அடியில் முடிந்தது. பெட்டிக்குள் வரிசையாகக் குப்பிகள். எதிலும் மருந்தின் பெயர் இல்லை, எண்கள்தான்.

“எது? இதுல எது?” ஆட்களில் ஒருவர் தரையில் கிடந்த டாக்டரை உலுக்கினார்.

லூர்துராஜ் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. ஒனக்குத் தெரியும்லா. சொல்லு.”

எனக்குத் தெரியும். நீல மூடிக் குப்பி. இரண்டாம் தட்டு, இடப்பக்கம்.

“சொல்லு” என்பது எனக்கு வாசிக்கும் கட்டளை. வாசித்தேன்.

பதிவு 7
காலை 9.52

மருந்தின் பெயர் வரும் என்று அவர் நினைத்தார். விரலை உதட்டில் வைத்தார். முப்பது ஆட்கள் மூச்சை அடக்கி நின்றார்கள். ஒரு குழாய்கூட ஒலிக்கவில்லை. துடிப்பை ஒலிக்கச் செய்யும் பகுதி வந்தது. துடிப்பு இல்லை. அந்த இடத்தில் என் ஒலிபெருக்கியில் வெறும் கரகரப்பு ஒலித்தது. லூர்துராஜ் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அறிவிப்பு முதல்முறையாக முழுமையாக வாசிக்கப்பட்டது.

“புரிந்ததா?” என்று கேட்டேன். அதுதான் கடைசி வரி.

ரோசலினுக்கு நினைவு இல்லை. மூச்சு இருந்தது. நேரம் இன்னும் இருந்தது.

லூர்துராஜ் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முன் காட்டினார். “இதா? இதா?” நீல மூடியையும் காட்டினார். கீழே வைத்தார். “சொல்லு” என்றார்.

பதிவு 8

வாசித்தேன்.

பதிவு 9

ரோசலினுக்கு மூச்சு இல்லை. லூர்துராஜ் இன்னும் “சொல்லு” என்கிறார். கம்பியை எடுத்துவிட்டார். என்னை அடிக்கிறார். வாசிப்பு முறிகிறது. முதலிலிருந்து.

கண்டெடுப்பவருக்கு. நீல மூடி. இரண்டாம் தட்டு. இடப்பக்கம். நீல மூ