பறவைப் பூங்காவுக்கு யார் யார்

ஜூலை 27, ஞாயிறு

நிரோசா குவைத்திலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. யதுஷா இன்னும் எனக்குப் பின்னால்தான் ஒளிந்து நிற்கிறாள். எட்டு வயதாகிறது. ஒன்றரை வயதில் விட்டுப் போன தாயை இடையில் ஒரே ஒரு தடவை, இருபது நாள் நேரில் பார்த்திருக்கிறாள். அப்பன்காரன் கொழும்பில் வேறு குடும்பம் நடத்துகிறான். பிள்ளை வேறு எப்படி இருப்பாள்?

இன்று தங்கச்சி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, இவளுக்கு என்னதான் புடிக்கும்?"

சொந்த மகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பாவமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இங்கே எதற்குப் பொய் எழுத வேண்டும்?

"குருவின்னா உசிரு" என்றேன்.

உடனே போனில் தேடி, அம்பாந்தோட்டைப் பக்கம் ஒரு பறவைப் பூங்கா இருக்கிறது என்று படம் காட்டினாள். "லீவு விட்டதும் ஒரு நாளு போவோம். நீயே எல்லாத்தையும் பாத்துச் செய்யி அக்கா. ஒனக்குத்தான் அதெல்லாம் வரும்."

ஆமாம். எனக்குத்தான் எல்லாம் வரும்.

யதுஷா சொன்னாள்: "பெரியம்மா வந்தாத்தான் நானும் வருவேன்." நிரோசா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

ஜூலை 30, புதன்

அண்ணிக்கு யார் சொன்னது? வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் எதுதான் சுவருக்குள் நிற்கிறது! "வேன்ல எடம் இருக்கும்ல, நாங்க நாலு பேருதானே" என்று வந்து நிற்கிறாள். அண்ணி நாலு பேர் என்றால் அவளுடைய தங்கச்சியும் அதில் சேர்த்தி.

அதற்குள் அப்பா. "அம்பாந்தோட்டைக்கிப் போறவுக கதிர்காமத்துக்குப் போகாம வந்தா முருகன் என்ன நெனைப்பான்?" மொனராகலை, புத்தல, கதிர்காமம் வழியாகத்தான் போகிறோம் என்று வழியையும் அவரே தீர்மானித்துவிட்டார். விடியற்காலை கிளம்பி கோயிலில் நின்று, பூசை பார்த்து, பிறகு பறவைகளைப் பார்ப்பதாம். எப்போது? அவை கூடு அடைந்த பிறகா?

ஜூலை 31, வியாழன்

கோயிலுக்குப் போவதால் வேனில் கோழிப் பொரியல் கூடாதாம். அண்ணிக்கு அதில்தான் கோபம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

லுணுகலை டவுனுக்குப் போய் வேன்காரர் றவூப் நானாவைப் பார்த்தேன். பௌர்ணமிப் போயா நாளுக்கு ஏற்கனவே ஆள் இருக்கிறதாம். "பத்தாந் தேதி ஞாயித்துக்கெழம ஏலும் தங்கச்சி. எத்தின பேரு?" என்றார். விரல் விட்டு எண்ணினேன். அண்ணியின் தங்கச்சி பிள்ளைகள் மூன்றும் சேர்த்துப் பதினொன்று. அவர் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் நிரோசா, தனக்கும் மகளுக்கும் ஒரே துணியில் இரண்டு சட்டை வாங்கி வைத்திருக்கிறாள். யதுஷா போட மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். நான் கூப்பிட்டதும் வெளியே வந்தாள். என் மேல் என்ன தப்பு? ஆனாலும் தங்கச்சி என்னை அப்படிப் பார்த்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 9, சனி

நாளைக்குப் பயணம் இல்லை. வேனில் ஏதோ உடைந்து, அதற்கான சாமான் பதுளையிலிருந்து வரவேண்டுமாம். அண்ணி, "நாங்களும் நாளைக்கு வர ஏலாதுன்னு சொல்லத்தான் இருந்தோம்" என்கிறாள். அப்போதே சொன்னால் என்ன? ஊறப்போட்ட கடலையை என்ன செய்வது? பதினேழாம் தேதிக்குத் தள்ளி வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

ஒரு நாள். ஒரே ஒரு நாள். அதற்கு இவ்வளவு பாடு!

ஆகஸ்ட் 11, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். நிரோசா சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அக்கா, நா திரும்பிப் போகல" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதை அவள் நிலைக்க விடவில்லை. அப்புத்தளையில் ஒரு விடுதியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஸ்டேசனுக்குக் கிட்ட அறை பார்த்திருக்கிறாளாம். "யதுவையும் கூட்டிட்டுப் போறேன். பள்ளிக்கூடமும் பேசியாச்சி."

பேசியாச்சு. ஊரோடெல்லாம் பேசியாகிவிட்டது. என்னிடம் மட்டும்தான் பேசவில்லை.

"அப்ப இந்தக் குருவி பாக்குறதெல்லாம் எதுக்குடி?"

"ஒரு நாளாச்சும் என்னோட பழகட்டும்னுதான்க்கா. திடீர்னு எப்புடி வருவா?"

என் பிள்ளையை என்னிடமிருந்து பிரிக்கிற நாளுக்கு நானே அலைந்து வேன் பேசியிருக்கிறேன். என் பிள்ளை என்று எழுதிவிட்டேன். அழிக்க மனமில்லை, இருக்கட்டும்.

பிறகு கத்தினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "டெங்கு வந்து பதுளை ஆஸ்பத்திரில ஆறு நாளு கெடந்தாளே, யாருடி பக்கத்துல இருந்தது?"

"நீதான்க்கா" என்றாள். அவள் கத்தவில்லை. "அந்த ஆறு நாளும் நா குவைத்துல வேல செஞ்ச வீட்டுக் கக்கூசுக்குள்ள நின்னு அழுதேன். தண்ணியத் தொறந்து விட்டுட்டு. சத்தம் கேட்டா மேடம் ஏசுவாங்க."

துணியை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவளே அலசிக் காயப்போட்டிருக்கிறாள், என் சேலையையும் சேர்த்து.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேசவில்லை. சோற்றுக் கோப்பையை அப்பாவிடம் கொடுத்து அவளுக்குக் கொடுக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 14, வியாழன்

பத்து வருடமாகப் புள்ளக் காம்பராவில் வேலை பார்க்கிறேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். இன்று பத்து மணிக்குப் பால் கொடுக்க வந்த ஒருத்தியிடம் அவள் குழந்தை போகவே மாட்டேன் என்று என்னையே பார்த்து அழுதது. அவள் முகம் சிறுத்துப் போய்விட்டது. நான் எப்போதும் செய்கிறதைச் செய்தேன். பின்பக்கம் போய்ச் சுவரோரமாக நின்றேன். என்னைக் காணாவிட்டால் கொஞ்சம் அழும், பிறகு குடிக்கும். இன்றும் குடித்தது.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் வேலைக்குத் திரும்பிப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

எத்தனை பேருடைய பிள்ளைகளுக்கு இதைச் செய்திருக்கிறேன்! என் தங்கச்சிக்கு மட்டும் ஏன் மனம் வரவில்லை?

ஆகஸ்ட் 16, சனி

சொல்லிவிட்டேன். பூங்காவுக்கு இரண்டு பேர் மட்டும். நிரோசா, யதுஷா. கதிர்காமம் கிடையாது, அண்ணி கிடையாது, நானும் கிடையாது.

அண்ணி, "பெரிய ராணி மாதிரி உத்தரவு போடுறா" என்று வாசலில் நின்று ஏசினாள். அப்பா பகல் சோறு சாப்பிடவில்லை. றவூப் நானாதான் ஒன்றும் கேட்காமல், "அப்ப சின்னக் காரொண்டு கொண்டு வாறன். எங்கட வூட்டுக்காரி றம்ஸியாவும் வருவா, பயப்படத் தேவல்ல" என்றார்.

நிரோசா ஐந்து நாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள். "நீ ஏன்க்கா வரல?"

"புள்ளக் காம்பராவுல வெள்ளையடிக்கிறாங்க."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமா."

என் கையைப் பிடிக்க வந்தாள். அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். இவளுக்கு விட்டுக்கொடுத்தேன் என்பதற்காக இவள் மேல் கோபம் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நான் வரவில்லை என்று கார் வந்த பிறகுதான் யதுஷாவுக்குத் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்து விட்டேன். "பெரியம்மா பொய் சொல்லிட்டாங்க! பொய் சொல்லிட்டாங்க!" அவளைக் காருக்குள் தள்ளிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். வண்டிச் சத்தம் வளைவு திரும்பும் வரை கேட்டது.

நாள் முழுக்க எரிச்சல். கழுவின பானையையே திரும்பக் கழுவினேன். காலை எட்டு மணிக்கு நிரோசா போன் எடுத்தாள். "அக்கா, மொனராகலை தாண்டி வாந்தி எடுத்துட்டா. ஒன்னையே கேட்டு அழுறா. திரும்பிரவா?"

திரும்பு என்று சொல்ல வாய் வந்தது. சத்தியமாக வந்தது.

"பையில வச்சிருக்குற எலுமிச்சம் எலையக் கசக்கி மோந்து பாக்கக் குடு" என்றேன். "மடியில போட்டு முதுகத் தடவு. வட்டமாத் தடவக் கூடாது, மேலருந்து கீழ. திரும்பி மட்டும் வராத."

பிறகு போன் வரவேயில்லை. நூறு தடவை எடுத்துப் பார்த்தேன்.

இரவு ஏழு மணிக்கு வந்தார்கள். யதுஷா தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நிரோசாவின் சட்டையெல்லாம் வாந்திக் கறை, தலை கலைந்திருந்தது. என் கை தானாக நீண்டது.

"இருக்கட்டும்க்கா. நானே படுக்க வைக்கிறேன்" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டேன், என்னென்ன பார்த்தாய் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே பொறுக்கவில்லை. "பெரிய மூக்கு உள்ள ஒன்னு அம்மாவோட தோடப் புடிச்சி இழுத்திருச்சி! அம்மா போட்ட சத்தத்துல எல்லாரும் ஓடி வந்துட்டாங்க!"

"அப்புறம்?"

"அதெல்லாம் சொன்னா ஒங்களுக்கு வெளங்காது. நீங்கதான் வரலையே."

தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று எனக்குச் சொல்லவில்லை.

நான் நினைத்தபடியே நடந்திருக்கிறது. ஆனால் பொறுக்க முடியவில்லை. பீலிக்குப் போய்க் காரணமில்லாமல் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அப்புத்தளைக்குப் போய்வந்தேன். அவர்கள் போய் மூன்று வாரம். பஸ்ஸை விட்டு இறங்கினால் பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியவில்லை, அவ்வளவு பனிமூட்டம்.

ஒரே அறைதான். துப்புரவாக வைத்திருக்கிறாள். யதுஷா வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு பெரிய மனுசி மாதிரி, "செருப்ப இங்க வைங்க பெரியம்மா. அந்தக் கதிரையில ஒக்காராதீங்க, காலு ஆடும். இதுல ஒக்காருங்க" என்றாள். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனி அதிகம். குடித்தேன்.

பின்னேரம் வெளியில் விளையாடிக்கொண்டிருந்தவள் கல்லில் விழுந்துவிட்டாள். "அம்மா!" என்று ஒரு சத்தம்.

நிரோசா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நானும் எழுந்துவிட்டேன். எழுந்து, வாசல் வரை போய், திரும்பி வந்து அவள் காட்டின கதிரையிலேயே உட்கார்ந்தேன். அடுப்பில் கறி அடிபிடிக்கப் பார்த்தது. எட்டிக் கிண்டிவிட்டேன்.