அண்ணன் வந்து சேரும் நேரம்

தை 9, வியாழன், இரவு

அப்பாவை இன்று இரண்டு மணிக்கு எடுத்துவிட்டோம். அண்ணன் வைக்க வேண்டிய கொள்ளியை நான் வைத்தேன்.

சிங்கப்பூரிலிருந்து காலை எட்டு மணி விமானம் என்று அண்ணன் நேற்றே சொல்லியிருந்தான். காலையில் கடலூர் மாமா, "எப்படா வந்து சேருவான்?" என்று கேட்டார். போனில் பார்த்தேன். சென்னைக்கு நாலு மணி நேரப் பயணம். பன்னிரண்டுக்கு இறங்குவான், சிதம்பரம் வர ஆறாகிவிடும் என்றேன்.

"அதுக்குள்ள பொழுது பூடுமேடா. வெளக்கு வெச்சப்புறம் எடுக்க முடியாது. நீயே கொள்ளி வெச்சிடு" என்றார்.

அண்ணன் சொன்ன எட்டு, சிங்கப்பூர் மணி. இங்கே அப்போது ஐந்தரைதான். எனக்கு ஏன் உறைக்கவில்லை?

மூன்றரைக்கு வாசலில் கார் நின்றது. கழுவிவிட்ட கூடத்தின் ஈரத்தில் அண்ணன் பையோடு நின்றான்.

"எனக்காவ கொஞ்ச நேரம் வெச்சிருக்கக் கூடாதா?"

"நீ வர ஆறு மணி ஆவும்னு எவனோ சொல்லிட்டான்பா" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல். நான் அண்ணன் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

"எறங்கினதுலேர்ந்து போன் பண்ணேனே" என்றான் அண்ணன். அவன் சிம் இங்கே வேலை செய்யவில்லையாம். கார் டிரைவர் போனிலிருந்து, அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணுக்கு அழைத்திருக்கிறான்.

இப்போதுதான் பீரோவைத் திறந்து அப்பாவின் போனை எடுத்தேன். துக்கம் விசாரிக்கிறவர்களின் அழைப்பு தாங்காமல் காலையில் நான்தான் அதன் சத்தத்தை நிறுத்தி உள்ளே வைத்தேன். பத்தரை மணியிலிருந்து ஒரே எண், ஏழு தடவை.