பேரரசரும் நீயும் தள்ளிப்போட்ட முழுக்கு

காலாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். கிறித்தவம் வளர ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் செய்தது என்ன என்பது கேள்வி. துன்புறுத்தலை நிறுத்தினார், தேவாலயங்கள் கட்டினார் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், ‘ஆனால் சாகும் தறுவாயில்தான் ஞானஸ்நானம் பெற்றார்’ என்று சேர்த்திருக்கிறாள். பாடப்புத்தகத்தில் அது இல்லை. ஜூன் மாதம், இந்த வகுப்பு உன்னிடம் இருந்தபோது நீ சொன்னது.

உன் கதையும் அதுதானே. இருபது வருஷமாகத் திருமானூர்ப் பக்கத்து ஜெபக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய்; கொள்ளிடத்தில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவில்லை. சபைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் ‘இந்து ஆதிதிராவிடர்’ சான்றிதழ் செல்லாது. உன் வேலை அதில் வந்தது. மகளின் டாக்டர் படிப்பும் அதில்தான் வரவேண்டும். ஸ்டாஃப் ரூமில் நான் சீண்டினால், “ரோமாபுரிய ஆண்ட ராஜாவே கடைசிலதான் எடுத்தாரு. வாத்தியாருக்கு என்னய்யா அவசரம்?” என்பாய். மாரியம்மனைக் கும்பிடும் எனக்கு எந்தத் தாளும் பறிபோகாது. சீண்டுவது சுலபமாக இருந்தது.

ஜூலையில் நெஞ்சுவலி என்று உன்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திங்கட்கிழமை சாயங்காலம் என் கையைப் பிடித்தாய்.

“பாஸ்டர வரச் சொல்லு. ஆத்துக்குப் போவ முடியாது. சொம்புத் தண்ணி போதும்.”

“வியாழக்கெழம பாப்பாவுக்கு கவுன்சிலிங். எவனாச்சும் மொட்டக் கடுதாசி எழுதிப் போட்டா என்ன பண்ணுவ? அது முடியட்டும், நானே கூட்டிட்டு வரேன்.”

“சரி, மூணு நாளுதான” என்றாய். மறுநாள் காலை நான் காபி வாங்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாய்.

சபைக் கல்லறை முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். உங்கள் தெருச் சுடுகாட்டில்தான் புதைத்தோம். பாஸ்டர் ஓரமாக நின்று ஜெபித்துவிட்டுப் போனார். புதன்கிழமை, அழுது வீங்கிய முகத்தோடு இருந்த உன் மகளை நான்தான் சென்னைக்குக் கூட்டிப்போனேன். இடம் கிடைத்துவிட்டது. அதனால் நான் செய்தது தப்பு என்று முழுசாகச் சொல்லவும் முடியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி டீ கொடுத்துவிட்டு நின்றார். “கடைசியா எதுக்காச்சும் ஆசப்பட்டாராண்ணே?”

“இல்லம்மா” என்றேன்.

வெட்கமாக இருக்கிறது. பேரரசர் கேட்டபோது ஓடிப்போய் ஆயரை அழைத்துவர ஆள் இருந்தது. நீ கேட்டபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன்.