மூன்று முறை கழுவிய தண்ணீர்

2025 பிப்ரவரி 12
ஜெர்மனி ஆர்டர் உறுதியாகிவிட்டது. தரம் பார்க்கும் அதிகாரி லெஸ்லி சார் சாம்பிள் அறைக்கே வந்து சொன்னார்: "இந்துமதி, தூள்ல பூச்சிமருந்து இம்மியளவு மிஞ்சினாலும் கன்டெய்னர் திரும்பி வந்துரும். பார்த்துக்குங்க."

தேயிலைத் தூளைப் பொட்டலம் கட்டி கோவை லேபுக்கு அனுப்புவது என் வேலை. தோட்டத்தில் மருந்து அடிப்பது என் வீட்டுக்காரர் வேலை. ஒரு மருந்து இன்னொன்றோடு கலக்கக் கூடாதாம். அதனால் ஒவ்வொரு தடவையும் முதுகில் மாட்டும் மருந்து டேங்கை மூன்று முறை கழுவ வேண்டுமாம். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள ஓடையில்தான் கழுவுகிறார்கள்.

பிப்ரவரி 25
மழை இல்லை. ஓடை நூலாகிவிட்டது. ஓடையிலிருந்து எங்கள் குழாய்க்குத் தண்ணீர் வரும் தொட்டியில் தவளைகள் மல்லாந்து கிடந்தன. பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா குச்சியால் தள்ளிவிட்டுக் குடத்தை முக்கினாள். நானும் முக்கினேன். வேறு எங்கே போவது?

மார்ச் 3
மகள் ஜீவிதாவுக்கு மூன்றாவது நாளாக வாந்தி. லயத்தில் இன்னும் நாலு பிள்ளைகளுக்கு. டாக்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். கொதித்தால் கிருமி சாகும். கலந்த மருந்து போகுமா?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சொன்ன எடத்துல கழுவறேன். நான் என்ன பண்றது?" என்றார். படுக்கப் போகும்போது, "அவளுக்கு அந்தத் தண்ணி குடுக்காத," என்றார்.

மார்ச் 5
செய்துவிட்டேன். சாம்பிள் பெட்டியில் எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டிலும் வைத்து சீல் போட்டேன். படிவத்தில் 'ஆலைத் தண்ணீர்' என்று எழுதினேன்.

மார்ச் 6
ரிப்போர்ட் லெஸ்லி சாருக்குத்தானே போகும். இத ஏன் நான் யோசிக்கல?

மார்ச் 10
வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அப்பா இலங்கைக் கண்டியிலிருந்து வந்து இறங்கிய வீடு. அறையில் போன் அடித்தால் லெஸ்லி சாரோ என்று கதவைப் பார்க்கிறேன்.

மார்ச் 17
லெஸ்லி சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் இரண்டு தாள்கள். தூளில் ஒன்றுமில்லை. தண்ணீரில் இருக்கிறது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இது லயத்துத் தண்ணிதானே? டேங்க் கழுவறது பாலமுருகன்தானே? இது வெளியே போனா முதல்ல உங்க வீட்டுக்காரர் பேருதான் வரும்," என்றார். பிறகு மெதுவாக, "இனிமே லயத்துக்குக் கீழே கழுவச் சொல்லுங்க. உங்க பிள்ளைகளுக்கும் நல்லது. இதோட விட்டுருவோம்."

தலையாட்டினேன். தலையாட்டிட்டு வந்தேனே — சீ.

மார்ச் 27
இவர் லயத்துக்குக் கீழே கழுவுகிறார். குழாய்த் தண்ணீரில் இப்போது மருந்து வாடை இல்லை. ஜீவிதா பள்ளிக்குப் போகிறாள். கன்டெய்னர் கொச்சிக்குப் போய்விட்டது. ஓடை கீழே எந்த ஊருக்குப் போகிறது என்று இவரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

ஏப்ரல் 8
மஞ்சூர் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண். மடியில் துவண்டு கிடந்த குழந்தை. எங்கள் ஓடைக்குக் கீழே கேரட் போடும் ஊராம். "நாலு நாளா வாந்தி நிக்கவே மாட்டேங்குதுங்க. ஊருக்குள்ள நெறைய கொழந்தைகளுக்கு இப்படித்தான்," என்றாள்.

நான் இறங்க இரண்டே ஸ்டாப். பேசாமல் இருந்துவிடலாம். இவர் பேர்தான் வரும் என்று லெஸ்லி சார் சொன்னாரே —

"அந்த ஓடைத் தண்ணி குடுக்காதீங்க," என்றேன்.

"ஏனுங்க?"

சொன்னேன். டேங்கைக் கழுவுவது யார் என்பது வரைக்கும்.

ஏப்ரல் 9
பஸ்ஸில் சொன்னதை இவரிடமும் சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஏப்ரல் 11
காலையில் கீழூர்க்காரர்கள் முப்பது பேர் ஆலை வாசலுக்கு வந்துவிட்டார்கள். "எங்க ஆளுங்க ஓடைப் பக்கமே போறதில்ல," என்று லெஸ்லி சார் சொல்லிக்கொண்டிருந்தாராம். இவர் முதுகில் டேங்கோடு கூட்டத்துக்குள் போய், அதைக் கழற்றி அவர்கள் காலடியில் வைத்து, "நான்தானுங்க கழுவுனேன். கீழ கழுவச் சொன்னது இந்த சாருங்க," என்றாராம். அன்னக்கிளி அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். இவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிவிட்டேன். துணிகளையும் கட்டிவிட்டேன். யாரும் இன்னும் எங்களைப் போகச் சொல்லவில்லை.